வங்கத்துச் சரத்காலமும் எங்கள் வீட்டுக் குழந்தையும்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். வங்காளியரும் ஆறாகவே பகுத்திருக்கின்றனர். கணக்கு ஒன்றுதான். ஆனால் இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். ஆவணியும் புரட்டாசியும் நமக்குக் கார்காலம். ஏறத்தாழ அதே இரண்டு திங்களையும் அவர்கள் பாத்ரம், ஆசுவினம் என்று வழங்கி, சரத்காலம் என்கின்றனர். நாம் கருமேகத்தைக் கண்டு பெயரிட்ட காலத்துக்கு அவர்கள் வெண்மேகத்தைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். அடுத்து வரும் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர். மழையில் நனைந்து வாடைக்காற்றில் நடுங்கும் நகரத்தை நக்கீரர் நெடுநல்வாடையில் வரைந்து காட்டியது அந்தப் பருவத்தைத்தான். வங்காளிக்கோ அது ஹேமந்தம்; பனி மெல்லத் தலைகாட்டும் தெளிந்த காலம்.

இச்செய்தியை நூல்களின் வாயிலாக நாங்கள் அறிந்திருந்தோம். ஆனால் அதன் உட்பொருளை எங்களுக்கு உணர்த்தியவள் எங்கள் மகள். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை. மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவ்வாறு கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்து, நகரின் தென்பகுதியில் லேக் மார்க்கெட்டுக்கு நடந்து செல்லும் தொலைவில் குடியிருந்தோம். கறிவேப்பிலையும் வாழையிலையும் காப்பிப் பொடியும் தொடுத்த மல்லிகையும் கிடைக்கும் அந்தக் கடைத்தெருவைப் பற்றிக் கொல்கத்தாத் தமிழருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் சரத்காலத்தில் எங்கள் மகளுக்கு வயது ஐந்து நிறைந்திருந்தது.

பள்ளியில் கொடுத்த படப்புத்தகத்தில் பருவங்களைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்கு நேரே சிவந்த இலைகளை உதிர்க்கும் மரம் ஒன்றை வரைந்திருந்தார்கள். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று அவள் கேட்டாள். அகராதி சொல்லும் ‘இலையுதிர் காலம்’ என்ற சொல்லைச் சொன்னோம். அவள் சாளரத்துக்கு வெளியே பார்த்தாள். மழையில் குளித்து எழுந்த மரங்கள் பச்சைப்பசேலென்று நின்றன. “எங்கே உதிர்கிறது?” என்றாள். நியாயமான கேள்விதான். கொல்கத்தாவில் மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் குளிர் முடியும் மாசி, பங்குனியில். ஐரோப்பியக் குழந்தையின் சாளரத்துக்கு எழுதிய சொல், வங்கத்துச் சாளரத்துக்கு எப்படிப் பொருந்தும்?

கீழ்த்தளத்தில் ஒரு வங்காள மூதாட்டி இருந்தார். குழந்தை அவரைத் திதிமா, அதாவது பாட்டி, என்று அழைப்பாள். இக்கேள்விக்கு விடை கூறியவர் அவரே. சரத் வந்துவிட்டது என்பதற்கு மூன்று அடையாளங்கள் என்று அவர் அவளுக்கு விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தார். வானத்தில் பஞ்சுப் பொதிபோல் மிதக்கும் வெண்மேகம் ஒன்று. வெற்றிடங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் வெள்ளை வெளேரென்று பூக்கும் காஷ் என்னும் நாணற்பூ மற்றொன்று. விடியற்காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சியுலிப் பூ மூன்றாவது.

அந்தச் சியுலி வேறொன்றுமன்று, நம் பவழமல்லியேதான். இரவில் மலர்ந்து, பொழுது புலருமுன் தானாகவே உதிர்ந்து, வெள்ளை இதழும் பவழக் காம்புமாகத் தரையில் கோலமிடும் அதே மலர். மேற்கு வங்கத்தின் மாநில மலரும் அதுவே. கடலூரில் பாட்டி வீட்டுக் கொல்லையிலும் ஒரு பவழமல்லி மரம் உண்டு. ஒரே பூவுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கண்டு அவள் மகிழ்ந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அன்று முதல் காலைதோறும் பாவாடை மடியில் பூவைச் சேர்த்து, பாதியைத் திதிமாவுக்குச் சியுலி என்றும், பாதியை வீட்டுச் சுவாமிக்குப் பவழமல்லி என்றும் பங்கிட்டாள்.

நாணற்பூவைப் பற்றி வங்காளியர் விரும்பிச் சொல்லும் ஒரு வரலாறு உண்டு. சத்தியஜித் ராய் தம் முதற்படமான ‘பதேர் பாஞ்சாலி’யில், துர்கா என்னும் சிறுமியும் அவள் தம்பி அபுவும் நாணற்காட்டினூடே ஓடி இரயில் வண்டியைப் பார்க்கும் காட்சியை 1952ஆம் ஆண்டில் படமெடுக்கத் தொடங்கினார். ஒரு நாள் வேலை முடிந்தது. மறுவாரம் போய்ப் பார்த்தால், மாடுகள் நாணற்பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. அக்காட்சியை முடிக்க அவர் அடுத்த சரத்காலம் வரையில் காத்திருந்தார். படம் 1955இல் வெளிவந்தது. ஒரு பருவத்துக்காக ஓராண்டு காத்திருப்பது வங்காளிக்குப் புதியதன்று. நகரம் முழுவதும் ஆண்டுதோறும் செய்வது அதுதானே!

அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வரும் நாள் மகாளய அமாவாசை. நம் நாட்டில் அது முன்னோருக்கு நீர்க்கடன் ஆற்றும் நாள். அங்கும் அவ்வாறே. ஆயினும் கொல்கத்தாவில் அந்த நாள் வானொலியால் விடிகிறது. விடியற்காலை 4 மணிக்கு ஒலிபரப்பாகும் ‘மகிஷாசுரமர்த்தினி’ நிகழ்ச்சி 1930களின் தொடக்கத்திலிருந்து வழங்கி வருவது. எழுதியவர் வாணிகுமார், இசை அமைத்தவர் பங்கஜ் குமார் மல்லிக், உரைத்தவர் வீரேந்திர கிருஷ்ண பத்ரர். 1976ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாக, திரையுலகில் பெரும்புகழ் பெற்றிருந்த உத்தம்குமாரின் குரலில் வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பினர். மக்கள் கொதித்தெழுந்தனர், பழைய குரலே திரும்பி வந்தது. வீரேந்திர கிருஷ்ணர் 1991இல் மறைந்த பின்னும் அவர் குரலே மகாளயத்தன்று நகரை எழுப்புகிறது. அந்த ஆண்டு எங்கள் மகளும் திதிமாவின் மடியில் கம்பளிக்குள் சுருண்டு அதனைக் கேட்டாள். வங்காள மொழிக்கு நடுவே வந்த வடமொழித் துதிகளில் சில பாட்டி வீட்டிலும் ஒலிப்பவை. “இது நம் பாட்டி சொல்வது!” என்று அவள் எழுந்து உட்கார்ந்ததாகத் திதிமா பெருமையோடு கூறினார்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் குமார்துளிக்குச் சென்றோம். வடகொல்கத்தாவில் ஆற்றங்கரையை ஒட்டிய குயவர் பேட்டை அது. மூங்கிற் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி உருவமாக்கி, அதன்மேல் முதலில் பிசுபிசுப்பான களிமண்ணையும், பின்னர் மிருதுவான வண்டலையும் பூசி, உலர்த்தி, வண்ணம் தீட்டி, நெட்டியால் செய்த வெள்ளை அணிகளைப் பூட்டுகின்றனர். தேவியின் கண்ணை மகாளயத்தன்று எழுதுவது மரபு. மண்ணைச் சூளையில் இட்டுச் சுடுவதில்லை. இதைக் குழந்தை கவனித்துவிட்டாள். எங்கள் வீட்டுக் கொலுப் பொம்மைகள் கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டியிலிருந்து வந்தவை. அவற்றில் பழையவை சுட்ட மண்ணால் ஆனவை. பாட்டியின் மாமியார் காலத்தவை. “இதைச் சுடாவிட்டால் தண்ணீர் பட்டுக் கரைந்துவிடுமே?” என்று அவள் கேட்க, அங்கிருந்த கைவினைஞர் சிரித்து, கரைய வேண்டும் என்றுதான் சுடுவதில்லை என்றார். அவள் அதன் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

நவராத்திரி தொடங்கிற்று. எங்கள் வீட்டில் ஐந்து படிக் கொலு. தெருக்கோடியில் துர்கையின் பந்தல். குழந்தைக்கு இரு வீட்டு உரிமை. மாலையில் சுண்டலைக் கிண்ணத்தில் ஏந்திப் பந்தலுக்கு ஓடுவாள். பந்தலிலிருந்து பழமும் இனிப்பும் கொண்டு திரும்புவாள். அங்கே அவள் கண்ட செய்திகள் எங்களைத் திக்குமுக்காடச் செய்தன. வங்காளியருக்குத் துர்கை போர்க்களத்து வீராங்கனை மட்டுமல்லள். புகுந்த வீட்டிலிருந்து தன் நான்கு மக்களுடன் பிறந்தகம் வரும் பெண். இலட்சுமி, சரசுவதி, விநாயகர், கார்த்திகேயர் ஆகிய நால்வரும் அவளுடன் வருகின்றனர். சப்தமியன்று காலையில் ஒரு வாழைக்கன்றை மற்ற எட்டுத் தழைகளோடு சேர்த்து நீராட்டி, சேலை உடுத்தி, விநாயகர் அருகில் நிறுத்துகின்றனர். அவள் விநாயகரின் மனைவி என்பது பொதுமக்கள் வழக்கு. மயில்மேல் அமர்ந்த கார்த்திகேயரோ அங்கே மணமாகாத இளைஞர்!

“நம் ஊரில் பிள்ளையாருக்குக் கல்யாணம் ஆகவில்லை, முருகனுக்கு இரண்டு கல்யாணம். இங்கே ஏன் மாறிப்போயிற்று?” என்று வள்ளி, தெய்வயானை பொம்மைகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். மொழிபெயர்ப்புத் தொழிலில் எத்தனையோ சிக்கலான வாக்கியங்களை அவிழ்த்திருக்கிறோம். இதை அவிழ்ப்பது எளிதாக இல்லை. “அண்ணன் இங்கே குடித்தனம் செய்கிறார், தம்பி நம் ஊரில் குடித்தனம் செய்கிறார்” என்றோம். அவள் அதனை முழுமையாக ஏற்றுக்கொண்டாள்.

அந்த ஆண்டு நகரின் பூங்கா ஒன்றில் மிக உயரமான தேவி உருவம் அமைத்திருந்தார்கள். கூட்டம் கட்டுக்கு அடங்காமல் போகவே, காவல் துறையினர் பார்வையை நிறுத்திவிட்டனர். நாங்கள் அதனைப் பார்க்கவில்லை. அதற்காகக் குழந்தை வருந்தவும் இல்லை. அவளுக்குத் தெருக்கோடிப் பந்தலே உலகம்; தோளில் முழவைத் தொங்கவிட்டு இறகுக் குஞ்சம் அசைய அடிக்கும் டாக்கி கலைஞரே அதன் அரசர்.

இந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு முள்ளும் இருந்தது. அஷ்டமியன்று கடலூரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தார். குழந்தை மூச்சு விடாமல் பந்தலின் சிறப்பையெல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும் வங்காளத்திலேயே சொன்னாள். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு எங்களிடம், “குழந்தை சந்தோஷமாக இருக்கிறது என்று குரலிலே தெரிகிறது. என்ன சொல்கிறாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அயல் மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் அந்தச் சொல்லின் கனம் தெரியும். ஹௌராவிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அந்தத் தொலைவை வண்டி ஓர் இரவிலும் பகலிலும் கடந்துவிடும். பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் மொழி நின்றுவிட்டால் அதை எந்த வண்டியில் கடப்பது? வீட்டில் வங்காளம் பேசக்கூடாது என்று கட்டளையிடும்படி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அவ்வாறு செய்தால் திதிமாவின் மடியையும் காலைச் சியுலியையும் அல்லவா பறிக்க வேண்டியிருக்கும்? ஒரு பாட்டியைக் காப்பதற்கு மற்றொரு பாட்டியைப் பலியிட எங்கள் மனம் ஒப்பவில்லை.

விஜயதசமிக் காலையில், நம் வழக்கப்படி தட்டில் பச்சரிசியைப் பரப்பி, அவள் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்தோம். வங்காளக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் நாள் வேறு. தை, மாசி வாக்கில் வரும் வசந்த பஞ்சமியன்று, தனியே நடக்கும் சரசுவதி பூஜையில் அது நிகழும். ஆண்டின் தொடக்கத்தில் திதிமாவின் வீட்டில் அதுவும் அவளுக்கு நடந்திருந்தது. ஆக, இரண்டு சரசுவதிகளிடம் அவள் மாணவியானாள்.

மறுநாள் மாலை பந்தலில் சுமங்கலிகள் தேவியின் நெற்றியில் குங்குமம் இட்டு, வாயில் இனிப்பை ஊட்டி, ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் பூசிக்கொண்டனர். வண்டியில் ஏறிய தேவியை ஹூக்ளி நதிக்கரைக்குக் கொண்டுசென்றனர். தெருவினரோடு நாங்களும் போனோம். படித்துறையில் உருவத்தைச் சுழற்றி நீரில் இறக்கியபோது, அடுத்த ஆண்டும் வருவாள் என்று எல்லோரும் முழங்கினர். குழந்தை மட்டும் விம்மி விம்மி அழுதாள். கண் எழுதிய நாளுக்கும் இதற்கும் இடையில் இரண்டு வாரம்கூட ஆகவில்லையே! வீட்டுக்கு வந்ததும், படுக்கவைத்த கொலுப் பொம்மையையும் மற்றவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். “நம் பொம்மைகளை ஆற்றில் விடவேண்டாம்” என்றாள். அது தமிழில் வந்தது. “இவை சுட்ட மண். இவை எங்கும் போகா, பெட்டிக்குள் தூங்கி அடுத்த ஆண்டு எழுந்திருக்கும்” என்று தேற்றினோம்.

சுடாத மண்ணை ஆற்றுக்குத் திருப்பித் தந்து, மறுஆண்டு புதிதாய்ப் பிசைவது ஒரு மரபு. சுட்ட மண்ணைப் பெட்டியில் காத்து, பேத்தியின் கைக்கு மாற்றுவது மற்றொரு மரபு. பிரிவைத் தாங்க அது பழக்குகிறது; வைத்துக் காக்க இது பழக்குகிறது. வெளியூரில் வளரும் பிள்ளைக்கு இரண்டு பயிற்சியும் வேண்டியவைதாம்.

தசமிக்குப் பின் வங்காளியர் பெரியோர் காலைத் தொட்டு வணங்கி ஆசி பெறுவர், இனிப்பு வழங்குவர். தொலைவில் உள்ள பெரியோருக்கு விஜயா கடிதம் எழுதுவது அவர்களுடைய நெடுநாளைய பழக்கம். கைப்பேசி வந்தபின் அது அருகிவிட்டது. ஆயினும் திதிமா விடவில்லை. “உன் ஊர்ப் பாட்டிக்கு விஜயா கடிதம் எழுதினாயா?” என்று கேட்டார். பாட்டிக்கு வங்காள எழுத்துத் தெரியாதே என்று குழந்தை சொன்னபோது, “அவருக்குத் தெரிந்த எழுத்தில் எழுது” என்று முடித்துவிட்டார்.

நாங்கள் பலகையில் எழுதிக் காட்ட, அவள் பார்த்து எழுதினாள். நான்கு நாள் ஆயிற்று. வாசகம் முழுவதும் அவளுடையதே. “பாட்டிக்கு நமஸ்காரம். துர்கா அம்மா ஆற்றுக்குள் போய்விட்டாள். நீ அழாதே. அடுத்த வருஷம் வருவாள். நம் பொம்மை கரையாது.” ‘ழ’ ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. உறையில் இரண்டு உலர்ந்த பவழமல்லிகளையும் வைத்து அஞ்சலில் சேர்த்தோம். தமிழை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு வங்காள வழக்கம் என்பதை எண்ணி நாங்கள் வியந்தோம்.

நவம்பர் 10ஆம் நாள் தீபாவளி. அதற்கு முதல்நாள் மாலை திதிமா வீட்டில் பூத சதுர்த்தசி. பதினான்கு வகைக் கீரையைச் சமைத்து, பதினான்கு விளக்கை ஏற்றினர். அதே சதுர்த்தசியின் விடியலில் நமக்குக் கங்காஸ்நானம். மாலையில் விளக்கேற்றியவள், விடியுமுன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாட்டியை அழைக்கச் சொன்னாள். தொடர்பு கிடைக்கவில்லை. வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு முதல்நாள் புதுவைக்கு அருகில் கரையைக் கடந்திருந்தது. கடலூர் மாவட்டம் வெள்ளக்காடாகிவிட்டது. பண்ணுருட்டிப் பகுதியிலும் உயிர்ச்சேதம் என்று செய்தி வந்தது. எங்கள் தலைக்கு மேலோ மாசு மறுவற்ற நீலவானம். இரவில் காளி பூஜை விளக்குகள். இரண்டு நாள் அந்தத் தெளிந்த வானத்தின்கீழ் நாங்கள் பட்ட கவலையைச் சொல்லி முடியாது.

இங்கே வெயில், அங்கே ஏன் மழை என்று குழந்தை கேட்டாள். தேசப்படத்தை விரித்துக் காட்டினோம். தென்மேற்குப் பருவக்காற்று அக்டோபர் நடுவில் வங்கத்தைவிட்டு விலகுகிறது, வானம் தெளிகிறது. பின்னர்க் காற்று திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசி, வங்கக்கடலின்மேல் ஈரத்தை வாரிக்கொண்டு தமிழகக் கரையில் பொழிகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அம்மூன்று மாதங்களில் பெய்வதே. கொல்கத்தாவின் தெளிவும் கடலூரின் மழையும் இருவேறு கதைகள் அல்ல. ஒரே காற்றின் முன்பாதியும் பின்பாதியும். “அப்படியானால் இங்கே இருக்கும் காற்று பாட்டியிடம் போகிறதா?” என்றாள். ஆம் என்றோம்.

மூன்றாம் நாள் பாட்டியின் குரல் கேட்டது. முற்றம்வரை நீர் வந்து வடிந்துவிட்டதாம். “அரிசியையும் கொலுப் பெட்டியையும் முதலில் பரணில் ஏற்றினேன். உன் கடுதாசி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, நனையவில்லை” என்றார். குழந்தை சற்றும் தயங்காமல், ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் தேடி எடுத்து, “பாட்டி, நீயும் நனையாதே” என்றாள்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் மாற்றல் உத்தரவு எங்களை வேறு நகருக்குக் கொண்டுசென்றது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்கா பூஜையை மானிடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்ற செய்தியைக் கேட்டதும், எங்கள் மகள் முதலில் செய்த காரியம் திதிமாவுக்குத் தொலைபேசியில் வங்காளத்தில் வாழ்த்துச் சொன்னதுதான். அடுத்து அதனைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கினாள். ஆண்டுதோறும் விஜயதசமிக்குப் பிறகு பாட்டிக்கு ஒரு கடிதம் போகிறது. ‘ழ’ இப்போது நேராக நிற்கிறது.

அயல் மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் பலரும், பிள்ளை அக்கம்பக்கத்து மொழியில் சிரித்து விளையாடும்போது மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே அடைகின்றனர். அச்சத்துக்குக் காரணம் உண்டு. பேசாத மொழி தேயும் என்பது உண்மையே. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவை அடைப்பதனால் மட்டும் தமிழ் வளர்ந்துவிடாது. குழந்தைக்குத் தமிழில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு செய்தியும், அதனைக் கேட்பதற்குத் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவரும் வேண்டும். நீங்கள் வாழும் ஊரின் திருநாள் அந்தச் செய்தியைத் தரும். ஊரில் இருக்கும் பாட்டியோ தாத்தாவோ அதற்குக் காத்திருக்கின்றனர். விடுமுறை முடிவதற்குள் ஒரு தாளையும் எழுதுகோலையும் குழந்தையின் கையில் கொடுங்கள். எழுத்து எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அப்படியே அஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.